எல்லைக்கு அலகு எது? – திருத்தணிப் பகுதி மாற்றமும் வடக்கெல்லை வரலாறும் (1953–1960)

முன்னுரை

தமிழகத்தின் வடக்கெல்லை பற்றி எழுதப்பட்டுள்ளவை பெரும்பாலும் இரண்டு உணர்வுகளுள் ஒன்றைச் சார்ந்தே அமைந்துள்ளன. திருத்தணி மீண்டது என்னும் பெருமிதம் ஒன்று. திருப்பதியும் சித்தூரும் கைவிட்டுப் போயின என்னும் வருத்தம் மற்றொன்று. இவ்விரண்டு விளைவுகளையும் தந்த அளவுகோல் எது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் மாவட்டம் முழுமையும் அதனுள் அடங்கிற்று. அம்மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில் இருந்த திருத்தணி வட்டமும் உடன் சென்றது. ஆறரை ஆண்டுகளுக்குப் பின்னர், 1960 ஏப்ரல் 1ஆம் நாள், திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் சேர்க்கப்பட்டது. அதே நாளில் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரப் பிரதேசத்துக்கு மாற்றப்பட்டன. ஆகவே 1960இல் நிகழ்ந்தது மீட்பு என்பதைவிடப் பரிமாற்றம் என்பதே பொருந்தும்.

இந்தப் பரிமாற்றத்தில் எல்லையைத் தீர்மானித்தது மொழி மட்டுமன்று. மொழியை எந்த அலகில் வைத்து அளப்பது என்னும் முடிவே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். மாவட்டம், வட்டம், கிராமம் என அலகு மாறியபோதெல்லாம் அதே மக்கள், அதே பேச்சு வழக்கு ஆகியவற்றை வைத்தே வேறு வேறு எல்லைகள் கிடைத்தன. தமிழறிஞர்கள் முன்வைத்த இலக்கியச் சான்றுகள் இந்த அளவையில் எவ்விடம் பெற்றன என்பதும் உடன் ஆராயப்படுகிறது.

இலக்கிய எல்லை

தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லைகளாகச் சுட்டுகிறது. வடக்கெல்லைப் பற்றிய இருபதாம் நூற்றாண்டு வாதங்கள் அனைத்துக்கும் இதுவே தொடக்கப் புள்ளியாயிற்று. அகநானூற்றுப் பாடல்கள் பல வேங்கடத்தைக் கடந்த நாட்டை மொழிபெயர்தேயம் எனக் குறிப்பிடுகின்றன. பொருள்வயிற் பிரிந்த தலைவன் வேங்கடத்திற்கு அப்பால் வேற்றுமொழி வழங்கும் நிலத்தில் இருக்கிறான் என்பது அப்பாடல்களின் உட்கிடை.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். பாயிரமும் அகப்பாடல்களும் சுட்டும் வேங்கடம் கோடன்று, மலைநிலம். மொழி ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் பரப்பாகவே அது காட்டப்படுகிறது. அம்மலையின் எந்தச் சரிவு இந்த மொழிக்குரியது, அடிவாரத்து ஊர்களுள் எவை அந்த மொழிக்குரியன என்னும் வினாக்கள் அப்பாடல்களுக்கு இல்லை. நிலஅளவையும் வருவாய்க் கணக்கும் கொண்ட புதுக்கால அரசுக்கே அவ்வினாக்கள் எழுகின்றன.

கல்வெட்டுச் சான்றுகளும் இப்பரப்பின் இயல்பையே உணர்த்துகின்றன. திருமலையில் பல்லவ அரசி சாமவையின் கொடையைக் கூறும் கல்வெட்டும் சோழர் காலக் கல்வெட்டுகளும் தமிழில் அமைந்தவை. விசயநகர வேந்தர் காலத்தில் தெலுங்கும் கன்னடமும் அவற்றோடு இடம்பெறுகின்றன. திருத்தணியில் அபராசித பல்லவன் காலத்து வீரட்டானேசுவரர் கோயில் தமிழ்க் கல்வெட்டுகளைக் கொண்டுள்ளது. திருத்தணியை அடுத்த வேளஞ்சேரியில் 1977இல் கிடைத்த செப்பேடுகளுள் ஒரு தொகுதி அபராசிதனுக்கும் மற்றொன்று முதலாம் பராந்தக சோழனுக்கும் உரியது. எல்லை வழக்கு முடிந்து பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்னரே இச்செப்பேடுகள் வெளிப்பட்டன. முன்னரே வெளிப்பட்டிருந்தாலும் முடிவு மாறியிராது. ஏன் எனின், வழக்கைத் தீர்த்தவர்கள் கல்வெட்டையோ செப்பேட்டையோ அளவையாகக் கொள்ளவில்லை.

கார்வேட்டி நகர் முதல் சித்தூர் வரை

திருத்தணி நீண்ட காலம் கார்வேட்டி நகர் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. அந்த அரண்மனையின் இலக்கியச் சூழல் தெலுங்கைச் சார்ந்தது. கார்வேட்டி நகர் வேணுகோபாலன்மீது சாரங்கபாணி இயற்றிய தெலுங்குப் பதங்கள் இசையுலகில் நன்கறியப்பட்டவை. ஜமீனின் தென்பகுதி ஊர்களிலோ தமிழ் பேசுவோரே மிகுதி. அரண்மனையின் மொழி ஒன்றும் ஊர்களின் பெரும்பான்மை மொழி மற்றொன்றுமாக இருந்த இந்நிலை அக்காலத்தில் சிக்கலாகக் கருதப்படவில்லை. முருகன் கோயிலுக்கு இருமொழியினரும் காவடி எடுத்து வந்தனர், இன்றும் வருகின்றனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் கார்வேட்டி நகர் ஜமீன் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டது. வடஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமநேர், சந்திரகிரி வட்டங்களும் கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களும் ஜமீன் பகுதிகளும் அதில் சேர்க்கப்பட்டன. திருத்தணியும் இவ்வாறே சித்தூரின் பகுதியாயிற்று. இந்த அமைப்பு முற்றிலும் ஆட்சி வசதி கருதியது. சென்னை மாகாணம் ஒன்றாக இருந்தவரை ஓர் ஊர் வடஆர்க்காட்டில் இருப்பதற்கும் சித்தூரில் இருப்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆட்சி வசதிக்காக 1911இல் போடப்பட்ட மாவட்டக் கோடு, நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் இரு மாநிலங்களுக்கு இடையிலான கோடாக மாறியதே சிக்கலின் தோற்றுவாய் ஆகும்.

1953: மாவட்டம் அலகாதல்

மொழிவழி மாநிலக் கோரிக்கையை ஆராய்ந்த தார் குழு 1948இல் அதனை ஏற்கவில்லை. நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா ஆகியோர் அடங்கிய குழு 1949இல், சென்னை நகர் மீதான உரிமையைக் கைவிட்டால் ஆந்திர மாநிலம் அமையலாம் எனக் கருத்துரைத்தது. பொட்டி சிறீராமுலு 1952 அக்டோபர் 19ஆம் நாள் உண்ணாநோன்பைத் தொடங்கி, திசம்பர் 15ஆம் நாள் உயிர்நீத்தார். நான்கு நாள்களில், திசம்பர் 19ஆம் நாள், ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் எனப் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

அந்த அறிவிப்பு வழக்கற்ற தெலுங்குப் பகுதிகளையே கருதியது. ஆனால் வழக்கற்ற பகுதி எது என்பதைக் குறிக்கும் அலகாக மாவட்டமே கொள்ளப்பட்டது. 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலச் சட்டம் பதினொரு மாவட்டங்களை முழுமையாகவும் பெல்லாரி மாவட்டத்தின் ஆதோனி, ஆலூரு, இராயதுருக்கம் ஆகிய மூன்று வட்டங்களையும் புதிய மாநிலத்திற்கு அளித்தது. பெல்லாரியில் வட்டம் அலகாயிற்று. சித்தூரிலோ மாவட்டமே அலகாயிற்று என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. சித்தூர் மாவட்டத்தை முழுமையாக எடுத்துக்கொண்டால் தெலுங்கு பேசுவோரே பெரும்பான்மையினர். அவ்வளவில் 1953ஆம் ஆண்டு முடிவு கணக்கில் பிழையுடையதன்று. திருத்தணி வட்டத்தைத் தனியே எடுத்துக்கொண்டாலோ தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர். இரண்டு கூற்றுகளும் ஒரே மக்கள்தொகைக் கணக்கிலிருந்து பெறப்படுபவை, இரண்டும் உண்மை.

கோரிக்கையும் போராட்டமும்

வடக்கெல்லைக் கிளர்ச்சிக்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று, ம.பொ. சிவஞானத்தின் தலைமையில் தமிழரசுக் கழகம் நடத்திய அரசியல் போராட்டம். 1946இல் தோன்றிய இவ்வமைப்பு வேங்கடத்தை எல்லையாகக் கொண்ட தமிழகத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. சென்னை நகரைக் காக்கும் போராட்டமும் திருத்தணிப் போராட்டமும் அதன் இரு முனைகளாயின. 1953இல் திருத்தணியில் நிகழ்ந்த மறியலில் ம.பொ.சி. சிறைப்பட்டார். திருத்தணியில் வழக்குரைஞர் கே. விநாயகம் முன்னின்று உழைத்தார்.

மற்றொரு முகம் அமைதியானது. அரக்கோணத்தை அடுத்த குருவராயப்பேட்டையில் வாழ்ந்த தமிழாசிரியர் மங்கலங்கிழார், திருத்தணியைச் சூழ்ந்த ஊர்களில் தமிழ் கற்பிக்கும் பணியைப் பல ஆண்டுகள் மேற்கொண்டார். எல்லைக் கிளர்ச்சி தொடங்குவதற்கு முன்பே அவருடைய வகுப்புகள் தொடங்கிவிட்டன. 1953இல் அவர் மறைந்தார். திருத்தணி இணைந்ததை அவர் காணவில்லை. எல்லை வரலாற்றில் இவ்வாசிரியரின் பணி போராட்டத்திற்கு ஆள் திரட்டிய பணியாகவே பேசப்படுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்னும் கட்டத்தில் ஒருவர் எதனைச் சொல்கிறார் என்பது, அம்மொழியோடு அவருக்குள்ள எழுத்துறவையும் தன்மதிப்பையும் சார்ந்தது என்பதை எண்ணினால், இத்தகைய பணியின் ஆழம் விளங்கும்.

கோரிக்கை முன்வைத்த வாதங்களை இரு வகைப்படுத்தலாம். பாயிரம், சங்க இலக்கியம், கல்வெட்டு, திருப்புகழ்த் தலங்கள் ஆகியவற்றைச் சான்றாகக் காட்டிய வரலாற்று வாதம் ஒரு வகை. மக்கள்தொகை, நில அண்மை, போக்குவரத்து ஆகியவற்றைக் காட்டிய நடைமுறை வாதம் மற்றொரு வகை. மேடைகளில் முதல் வகையே ஓங்கி ஒலித்தது. முடிவு எடுக்கப்பட்ட இடத்தில் இரண்டாம் வகையே கருதப்பட்டது.

நடைமுறை வாதத்தின் வலிமைக்கு ஒரு சான்று நீதிமன்றம். 1953இல் ஆந்திரம் பிரிந்த பின்னரும் சென்னை உயர்நீதிமன்றமே சிறிது காலம் அதற்கும் உரியதாக இருந்தது. 1954 சூலையில் குண்டூரில் ஆந்திர உயர்நீதிமன்றம் தோன்றியது. 1956 நவம்பரில் அது ஐதராபாத்துக்கு மாறியது. தலைநகரும் கர்நூலிலிருந்து ஐதராபாத்துக்குச் சென்றது. சென்னைக்கு நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், அரக்கோணம்–ரேணிகுண்டா இருப்புப்பாதையில் அமைந்த திருத்தணி ஊரார், மேல்முறையீட்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு செல்லவேண்டியவராயினர்.

பட்டாஸ்கர் வகுத்த நெறி

மாநிலச் சீரமைப்புக் குழு 1953 திசம்பரில் அமைக்கப்பட்டு 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகியோர் அடங்கிய அக்குழு, பொதுவாக மாவட்டத்தையே அலகாகக் கொள்ளவேண்டும் என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டது. தக்க காரணம் இருந்த இடங்களில் வட்டத்தை ஏற்றது. தென்திருவிதாங்கூரின் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்திற்குப் பரிந்துரைத்தது இவ்வகையில் அடங்கும். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் மிகுதியாக இருந்தும், அவர்களுள் பலர் தோட்டத் தொழிலுக்காக வந்து செல்வோர் என்பதையும் பொருளியல் காரணங்களையும் காட்டி அவற்றைத் திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியுடனேயே நிறுத்தியது. மொழிப் பெரும்பான்மை என்பது அக்குழுவுக்கு ஒரு காரணமே தவிர, முடிவான காரணமன்று.

ஆந்திர–சென்னை எல்லையில் வேறு முறை பின்பற்றப்பட்டது. மத்திய அமைச்சராக இருந்தவரும் 1957இல் மத்தியப் பிரதேச ஆளுநரானவருமான எச்.வி. பட்டாஸ்கர் இரு மாநிலங்களுக்கும் நடுவராக அமைந்தார். அவர் பின்பற்றிய நெறி மூன்று கூறுகளைக் கொண்டது: கிராமமே அலகு, அக்கிராமத்தில் பெரும்பான்மையினர் பேசும் மொழியே அளவை, சேரவேண்டிய மாநிலத்தோடு நிலத்தொடர்ச்சி இருத்தல் வேண்டும்.

இந்நெறியின் சிறப்பு அதன் எளிமை. புராணம், இலக்கியம், ஜமீன் உரிமை ஆகிய எவற்றையும் எடைபோடும் பொறுப்பிலிருந்து அது நடுவரை விடுவித்தது. இரு தரப்பும் ஏற்கத்தக்க ஒரே சான்றாகக் கணக்கெடுப்பு எஞ்சியது. மாவட்டம் என்னும் பெரிய அலகில் மறைந்துபோகும் சிறுபான்மைப் பகுதிகள், கிராமம் என்னும் சிறிய அலகில் வெளிப்பட்டன. திருத்தணி இவ்வாறுதான் கண்ணுக்குப் புலப்பட்டது.

ஆயினும் இந்நெறி ஒருபக்கம் மட்டும் செயற்படக்கூடியதன்று. திருத்தணியில் தமிழ்க் கிராமங்களை வெளிப்படுத்திய அதே அளவுகோல், செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் வடபகுதியில் தெலுங்குக் கிராமங்களையும் வெளிப்படுத்தியது. சத்தியவேட்டைச் சூழ்ந்த ஊர்கள் இவ்வாறு ஆந்திரப் பிரதேசத்துக்கு உரியனவாயின. திருப்பதியை உள்ளடக்கிய சந்திரகிரி வட்டத்தில் தெலுங்கு பேசுவோரே பெரும்பான்மையினராகவும், சென்னை மாநிலத்தோடு நிலத்தொடர்ச்சி அற்றும் இருந்தமையால், கிராம அளவையின்படி அப்பகுதிக்குத் தமிழ்த் தரப்பில் வாதமே எழவில்லை. வேங்கடம் என்னும் இலக்கிய எல்லையைக் கணக்கெடுப்பு எல்லை ஏற்கவில்லை. திருத்தணியைத் தந்ததும் திருப்பதியைத் தராததும் ஒரே நெறிதான்.

சட்டமும் நடைமுறையும்

மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்பின்படி நாடாளுமன்றத்துக்கு உரியது. குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு முன்வரைவு கொண்டுவரப்படல் வேண்டும். தொடர்புடைய மாநிலச் சட்டமன்றங்களின் கருத்து கேட்கப்படல் வேண்டும். அக்கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. மாற்றப்படும் ஊர்களின் மக்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்க வேண்டும் என்னும் விதி அரசியலமைப்பில் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் வாயிலாகவே அவர்தம் குரல் கேட்கப்படுகிறது.

இம்முறைப்படி, காமராசர் சென்னை மாநில முதல்வராகவும் நீலம் சஞ்சீவ ரெட்டி ஆந்திரப் பிரதேச முதல்வராகவும் இருந்த காலத்தில், ஆந்திரப் பிரதேசம்–சென்னை எல்லை மாற்றச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தால் திருத்தணி வட்டப் பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சித்தூர் மாவட்டத்தின் வேறு சில எல்லையோர ஊர்களுமாக ஏறத்தாழ 405 சதுர மைல் நிலம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 326 சதுர மைல் நிலம் ஆந்திரப் பிரதேசத்துக்குச் சென்றது. பெற்றதும் கொடுத்ததும் அளவில் பெரிதும் ஒத்திருப்பதை நோக்கினால், பரிமாற்றம் என்னும் சொல் மிகையன்று என்பது புலனாகும்.

நிலம் மாறினால் மாறவேண்டியவை பல. சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதிகள் திருத்தப்படல் வேண்டும். நிலுவையிலுள்ள வழக்குகள் எந்த நீதிமன்றத்தில் தொடரும் என வகுக்கப்படல் வேண்டும். சொத்துகளும் கடன்களும் பங்கிடப்படல் வேண்டும். அப்பகுதியில் நடைமுறையிலிருந்த சட்டங்கள், உரிய சட்டமன்றம் மாற்றும் வரை தொடரல் வேண்டும். வருவாய்த் துறையின் ஊர்க் கணக்குகளும் நிலவரைபடங்களும் ஒரு மாவட்ட அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லல் வேண்டும்.

இவ்வேலை திருத்தணியில் பெருங்குழப்பமின்றி நடைபெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. இரு மாநிலங்களும் 1953 வரை ஒரே சென்னை மாநிலமாக இருந்தவை. ஜமீன் ஒழிப்புக்கான 1948ஆம் ஆண்டுச் சட்டம் இரு பகுதிகளுக்கும் பொது. வருவாய் நிருவாக முறையும் நீதிமன்ற மரபும் ஒன்றே. பிரிந்திருந்த காலம் ஆறரை ஆண்டு மட்டுமே. மாறாக, 1956இல் திருவிதாங்கூரிலிருந்து வந்த குமரி மாவட்டம் வேறொரு மன்னராட்சியின் சட்டங்களையும் நிலவுரிமை முறைகளையும் உடன் கொண்டுவந்தது. ஒரு பகுதியை மாற்றுவது எளிதா அரிதா என்பது அதன் பரப்பளவைப் பொறுத்ததன்று. இரு பக்கங்களின் ஆட்சி மரபுகள் எவ்வளவு ஒத்துள்ளன என்பதைப் பொறுத்தது.

அலகு மாறின் எல்லை மாறும்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வடக்கெல்லைக்கு நான்கு அலகுகள் முன்மொழியப்பட்டமை புலப்படும். இலக்கிய மரபு மலையை அலகாகக் கொண்டது. அதன்படி எல்லை வேங்கடம். 1953ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டத்தை அலகாகக் கொண்டது. அதன்படி திருத்தணி முழுமையும் ஆந்திரம். வட்டத்தை அலகாகக் கொண்டிருந்தால் திருத்தணி வட்டம் தமிழகத்துக்கு வந்திருக்கும். சத்தியவேட்டுப் பகுதி செங்கற்பட்டிலேயே இருந்திருக்கும். கிராமத்தை அலகாகக் கொண்ட பட்டாஸ்கர் நெறிப்படி திருத்தணி வந்தது, சத்தியவேடு சென்றது.

தமிழகத்தின் நிலப்பரப்பை மட்டுமே கருதுவோர்க்கு வட்ட அலகே ஆதாயமாகத் தோன்றும். ஆனால் அந்த அலகைத் தெற்கிலும் மேற்கிலும் ஒரே சீராகப் பின்பற்ற முடியுமா என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். நமக்கு ஆதாயம் தரும் இடத்தில் வட்டம், இழப்பு நேரும் இடத்தில் மலை எனக் கொள்வது நெறியாகாது. ஓர் அலகை ஏற்றுக்கொண்டவர், அது தரும் இழப்பையும் ஏற்றுக்கொள்ளல் கடன்.

இந்நெறி பிற இடங்களிலும் எதிரொலித்தது. பெல்காம் எல்லைச் சிக்கலில் மராட்டியத் தரப்பு, கிராமம், நிலத்தொடர்ச்சி, மொழிப் பெரும்பான்மை என்னும் பட்டாஸ்கர் கூறுகளையே தன் கோரிக்கைக்கு அடிப்படையாக முன்வைத்தது. கன்னடத் தரப்பு மாநிலச் சீரமைப்பின்போது வகுக்கப்பட்ட எல்லையை நிலைநிறுத்த முயன்றது. 1966இல் அமைக்கப்பட்ட மகாசன் குழு 1967இல் அறிக்கை தந்தும் வழக்கு தீரவில்லை. 2004இல் மராட்டிய அரசு உச்சநீதிமன்றத்தை அணுகியது. ஒரே நெறி திருத்தணியில் தீர்வாகவும் பெல்காமில் வழக்காகவும் அமைந்ததற்குக் காரணம் நெறியில் இல்லை. அலகு எது என்பதில் இரு தரப்பும் முன்கூட்டியே உடன்பட்ட இடத்தில் கணக்கு எல்லையைத் தந்தது. உடன்படாத இடத்தில் கணக்கே வழக்காயிற்று.

எஞ்சியோர்

கிராமம் மிகச் சிறிய அலகு போலத் தோன்றினும் அதுவும் பல குடியிருப்புகளின் தொகுதியே. வருவாய்க் கிராமம் ஒன்றனுள் தாய்க்கிராமமும் பல சிற்றூர்களும் அடங்கும். தாய்க்கிராமத்தில் ஒரு மொழியும் அதன் சிற்றூரில் மற்றொரு மொழியும் வழங்குதல் இப்பகுதியில் இயல்பு. ஒரே வீட்டில் இரு மொழியும் வழங்குவதும் உண்டு. தமிழில் கண்டிகை என முடியும் ஊர்ப்பெயர் தெலுங்கில் கண்ட்ரிக என முடிகிறது. பாளையம் பாலெம் ஆகிறது. அலகை எவ்வளவு சிறிதாக்கினாலும் சிறுபான்மையினர் எஞ்சவே செய்வர்.

பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதிகளில் தெலுங்கு பேசுவோர் இன்றும் கணிசமாக வாழ்கின்றனர். நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர்ப் பகுதிகளில் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். 1956ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது. 350ஆ உறுப்பு மொழிச் சிறுபான்மையினர்க்கெனத் தனி அலுவலரை ஏற்படுத்துகிறது. எல்லைகளை மாற்றிய அதே ஆண்டில் இவ்வுறுப்புகள் வந்தமை தற்செயலன்று. எந்தக் கோடும் எல்லாரையும் நிறைவு செய்யாது என்பதை அன்றைய சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர்.

2006இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. அச்சட்டம் பத்தாம் வகுப்பை எட்டிய காலத்தில் மொழிச் சிறுபான்மை மாணவர் விலக்குக் கோரி நீதிமன்றங்களை நாடினர். சித்தூர் மாவட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளின் நிலை குறித்து நாம் கொள்ளும் கவலை நேர்மையானதாயின், திருத்தணியை அடுத்த தெலுங்குப் பள்ளிகளின் நிலை குறித்தும் அதே அளவு கவலை கொள்ளல் வேண்டும். 1960ஆம் ஆண்டுப் பரிமாற்றத்தின் முடிவுறாத பகுதி இதுவே. நிலத்தைப் பரிமாறிக்கொள்ள ஒரு நாள் போதுமாயிற்று. எஞ்சியோர்க்குக் கல்வி உரிமையைப் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம் ஏதும் அதனோடு வரவில்லை.

சர்வபள்ளி இராதாகிருட்டிணன் 1888இல் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறந்தபோது அவ்வூர் வடஆர்க்காட்டைச் சேர்ந்தது. பின்னர்ச் சித்தூரையும், அதன் பின்னர் ஆந்திரத்தையும் சேர்ந்தது. அவர் குடியரசுத் துணைத் தலைவராக இருந்த 1960இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1969இல் அம்மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. 1997இல் அவ்வூர் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்தது. 2022இல் ஆந்திரப் பிரதேச அரசு மாவட்டங்களைத் திருத்தியபோது சத்தியவேடும் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டக் கோடுகள் இவ்வாறு மாறிக்கொண்டே வருகின்றன. அக்கோடுகளுள் ஒன்றை நிலையான மொழி எல்லையாகக் கொண்டதே 1953ஆம் ஆண்டு முடிவின் குறை.

முடிவுரை

திருத்தணிப் பகுதி மாற்றம் குறித்து இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. சிக்கலின் வேர் 1911ஆம் ஆண்டு மாவட்ட அமைப்பில் உள்ளது. ஆட்சி வசதிக்காக அமைந்த அலகு 1953இல் மொழி அலகாகக் கொள்ளப்பட்டது.

2. இலக்கிய, கல்வெட்டுச் சான்றுகள் கோரிக்கைக்கு உணர்வூக்கம் அளித்தன. எல்லையைத் தீர்மானித்தது கிராம அளவிலான மொழிக் கணக்கும் நிலத்தொடர்ச்சியும் ஆகும்.

3. திருத்தணி வந்தமையும், சத்தியவேட்டுப் பகுதி சென்றமையும், திருப்பதி வாராமையும் ஒரே நெறியின் விளைவுகள். அவற்றுள் ஒன்றை நீதி என்றும் மற்றவற்றை அநீதி என்றும் பிரித்துரைத்தல் பொருந்தாது.

4. எந்த அலகைக் கொண்டாலும் இருபுறமும் மொழிச் சிறுபான்மையினர் எஞ்சுவர். எல்லை நிறைவுற்றதா என்பதை அவர்தம் கல்வி நிலையே காட்டும்.

வேங்கடத்தை எல்லையாகச் சுட்டிய பாயிரம் தமிழ் எங்கு வழங்கியது என்பதற்குச் சான்று. யார் எங்கு ஆளவேண்டும் என்பதற்கு அதனைச் சான்றாக்கியது இருபதாம் நூற்றாண்டு. இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காண்பது தமிழாய்வுக்கு இழப்பன்று. திருத்தணி முதல் சத்தியவேடு வரை ஊர் ஊராகச் சென்று, இருமொழி வழக்காறுகளையும் ஊர்ப்பெயர்களையும் பள்ளிப் பதிவேடுகளையும் தொகுக்கும் ஆய்வுகள் தமிழ், தெலுங்குத் துறைகளின் கூட்டு முயற்சியாக மேற்கொள்ளப்படின், எல்லை வரலாறு கோடுகளின் வரலாறாக இல்லாமல் அக்கோடுகளின் இருமருங்கும் வாழ்ந்தோரின் வரலாறாக அமையும்.